பதிவு எண் கைக்கு வந்த பிறகு: வார்டில் முதல் ஆறு மாதம்

தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு முடிந்து, பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், மிட்வைஃப்) என்று போட்டுக்கொள்ளும் உரிமை வந்துவிட்டது. நேற்று வரை நீங்கள் எது செய்தாலும் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட ஒரு ஸ்டாஃப் இருந்தார். இன்று முதல் அந்தக் கையெழுத்து உங்களுடையது. படிக்கும்போது இரண்டு பேஷண்ட்டுக்கு கேர் பிளான் எழுதிய கையில், இப்போது பதினைந்து இருபது கேஸ் ஷீட்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கார்டியாக் அரெஸ்ட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். அங்கே நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். தவறு நடப்பது யாரும் கூட இல்லாத சாதாரண வேலைகளில்: இன்சுலின் ஏற்றும்போது, டிரிப் பாட்டில் மாற்றும்போது, காலை ஆறு மணி டி.பி.ஆர். (டெம்பரேச்சர், நாடி, மூச்சு) சார்ட் நிரப்பும்போது. இந்தக் கட்டுரை அந்தச் சாதாரண வேலைகளைப் பற்றியது.

அதற்கு முன் காகித வேலையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்வி மணிநேரம் கேட்பார்கள். அதனால் போகிற ஒவ்வொரு வகுப்பின் சான்றிதழையும் முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் (0, 1, 6 மாதம்) முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்து, 10-க்கு மேல் வந்திருந்தால் அந்தத் தாளையும் அதே ஃபைலில் வையுங்கள். பிறகு ஊசி குத்திக்கொண்டால் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.

டியூட்டி தொடங்குவது ஹேண்ட் ஓவரில். நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து வாங்குகிற ஹேண்ட் ஓவரில் பாதிதான் வரும். படுக்கை படுக்கையாக நடந்து வாங்குங்கள். பேஷண்ட் முகம், ஐ.வி. லைன் போட்ட இடம், தொங்குகிற பாட்டிலில் மீதி எவ்வளவு, டிரெயின், யூரின் பை என்று தலையிலிருந்து கால் வரை ஒரே வரிசையில் பார்த்துப் பழகினால் எதுவும் விடுபடாது. வென்ஃப்ளான் (நரம்பில் செருகி வைக்கும் ஐ.வி. குழாய்) போட்ட இடம் சிவந்து, தொட்டால் வலிக்கிறது என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் அது உங்கள் டியூட்டியில் வந்ததாகிவிடும். அதைவிட, அந்த ஒரு மணி நேரமும் மருந்து அதே நரம்பில் போய்க்கொண்டிருக்கும். கடைசி டோஸ் எப்போது போனது, எந்த ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது, யார் எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு: இந்த மூன்றையும் ஒவ்வொரு படுக்கையிலும் வாய்விட்டுக் கேளுங்கள்.

எமர்ஜென்சி டிராலியையும் அப்போதே பாருங்கள். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்ப் எரிகிறதா, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கோடு மாஸ்க் இருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, அட்ரினலின் ஆம்பியூல் எத்தனை, டீஃபிப் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) சார்ஜில் இருக்கிறதா. ஆக்சிஜன் சிலிண்டர் ‘இருக்கு’ என்பது பதிலாகாது, மீட்டர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு எடுத்துப்போகும் பி டைப் சிலிண்டரில் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். முள் பாதியில் நின்றால் 75. லிஃப்டுக்குக் காத்திருப்பதையும் ஸ்கேன் வாசலில் நிற்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மருந்து கொடுக்கும் முன் ஆளைச் சரிபார்ப்பது எப்படி என்று கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். நம் வார்டில் அது எப்படித் தவறுகிறது என்பது வேறு. படுக்கை எண்ணை நம்பாதீர்கள். ஃபேனுக்குக் கீழே வேண்டும், ஜன்னல் ஓரம் வேண்டும் என்று பேஷண்ட்டுகள் தாங்களே இடம் மாறிக்கொள்வார்கள். ‘முருகன்தானே?’ என்று கேட்காதீர்கள். காது சரியாகக் கேட்காதவரும், பாதித் தூக்கத்தில் இருப்பவரும், நர்ஸ் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நினைப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். ‘உங்க பேர் சொல்லுங்கய்யா, அப்பா பேரு?’ என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். ஒரே வார்டில் எஸ். முருகன் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் சகஜம். பெயரோடு ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) கையில் கட்டிய பட்டையில் பாருங்கள். ரத்தம் ஏற்றும்போது இதை இரண்டு பேர் சேர்ந்து செய்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தனியாகச் செய்துவிட்டு அப்புறம் இன்னொருவரிடம் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் சரிபார்ப்பு ஆகாது.

இனி கணக்கு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

சாதாரண ஐ.வி. செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு 1 மி.லி. செட்டின் கவரில் அச்சிட்டிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 500 மி.லி. சலைன் நாலு மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் மணிக்கு 125 மி.லி. 20 சொட்டு செட்டில் மணிக்கான மி.லி.யை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கான சொட்டு: 125-ஐ மூன்றால் வகுக்க ஏறத்தாழ 42. கால் நிமிடத்துக்குப் பத்துப் பதினோரு சொட்டு. மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. எந்த செட் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் மனப்பாடமாக வைத்தால்தான் ஆபத்து. மணிக்கு 60 மி.லி. போக வேண்டியவருக்கு 60 சொட்டு என்று நினைத்துச் சாதாரண செட்டில் வைத்தால் 180 மி.லி. போகும். இதயம் பலவீனமான முதியவருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் மூச்சுத் திணறலாக அது தெரிய வரும். சரியாக வைத்துவிட்டு வந்தாலும் அரை மணி கழித்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கை மடங்கினால் வேகம் மாறும். ‘சீக்கிரம் இறங்கட்டும்’ என்று கூட இருப்பவர்களே ரெகுலேட்டரைத் திறந்துவிடுவதும் உண்டு. அவர்களிடம் கோபப்படாமல், இதை வேகமாக விட்டால் நெஞ்சில் நீர் கோக்கும் என்று காரணத்தோடு சொன்னால் அடுத்த முறை தொட மாட்டார்கள்.

இன்சுலினில் நம் நாட்டில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே வயல் (மருந்துக் குப்பி) இரண்டு வலிமையில் வருகிறது: மி.லி.க்கு 40 யூனிட், மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்றாற்போல் இரண்டு: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 25 யூனிட். மாற்றிப்போட்டால், 40 யூனிட் வயலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான். முதல் தவறில் சுகர் விழும், இரண்டாவதில் ஏறிக்கொண்டே போகும். ஏன் என்று ஒருவருக்கும் புரியாது. வயலைக் கையில் எடுத்ததும் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு மூடியின் நிறத்தைப் பாருங்கள். சரியான சிரிஞ்ச் இல்லையென்றால் சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில் குத்துமதிப்பாக இழுக்கக் கூடாது. பக்கத்து வார்டில் கேட்டு வாங்குங்கள். ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று எழுதியிருக்கும். சாப்பாடு வந்துவிட்டதா, அவருக்குச் சாப்பிடும் நிலை இருக்கிறதா, ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் ஊசி. சுகர் 70-க்குக் கீழே, ஆள் நினைவோடு விழுங்குகிறார் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை எடுத்து வையுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு. பத்து மி.லி. ஆம்பியூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இதில் பாதி டோஸ், மெதுவாக என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் ஆம்பியூலும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் வார்டில் இரண்டும் ஒரே டிரேயில் இருந்தால், இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி அன்றைக்கே பிரித்து வையுங்கள். புதியவர் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். கையில் சாதாரண லைன் இருப்பவருக்கு 500 மி.லி.யில் ஒரு ஆம்பியூல், மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல், அதாவது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். அதற்கு மேல் ஆர்டர் இருந்தால் மானிட்டர் வேண்டும், கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். போடுவதற்கு முன் யூரின் போகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அப்படியே குத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பொட்டாசியம் கனமானது, பாட்டிலின் கழுத்திலேயே தங்கும். முதலில் இறங்குவது சலைன் கலக்காத பொட்டாசியமாக இருக்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டி, பிறகு மாட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் 5 மி.லி. வயலும் இதே ரகம். ஒன்றில் மி.லி.க்கு 1,000 யூனிட், இன்னொன்றில் 5,000. வயலின் அளவைப் பார்த்து எடுத்தால் ஐந்து மடங்கு தவறும். வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை சலைனில் மட்டும் கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும். பெரியவர்களுக்கே நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோனை, கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடும் லைனில் விடக் கூடாது, கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் 1 கிராம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், பி.பி. இறங்கும். இவற்றையெல்லாம் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முடியாது. பாக்கெட் நோட்டில் உங்கள் வார்டில் தினமும் போகும் இருபது மருந்துகளை மட்டும் எழுதுங்கள்: எதில் கரைப்பது, எவ்வளவில், எத்தனை நிமிடத்தில், எதோடு சேராது. இந்த இருபதும் பழகிவிட்டால் வார்டின் முக்கால்வாசி வேலை பழகிவிடும். வேறொருவர் ஏற்றி வைத்த, லேபிள் இல்லாத சிரிஞ்சை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். சீனியர் கோபித்துக்கொள்ளலாம். கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்ற மூன்று நிமிடம்தான் ஆகும்.

ரத்தத்துக்கு வருவோம். பிளட் பேங்கிலிருந்து வந்து 30 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும், நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் லைன் சரியாக இருக்கிறதா, டெம்பரேச்சர் எவ்வளவு என்று பார்த்த பிறகு பையை வாங்கி வரச் சொல்லுங்கள். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். மோசமான ரியாக்‌ஷன்களில் பல அப்போதே தலைகாட்டும். குளிர், முதுகுவலி, மூச்சிறைப்பு, ‘என்னமோ பண்ணுதும்மா’ என்ற ஒரு வார்த்தை, எது வந்தாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். செட்டையே மாற்றி, புது செட்டில் சலைன் ஓட விட்டு, டாக்டரைக் கூப்பிடுங்கள். பழைய செட்டிலேயே சலைனை மாட்டினால் குழாயில் மிச்சமிருக்கும் ரத்தமும் உள்ளே போகும். பையைத் தூக்கிப் போடாதீர்கள், அது பிளட் பேங்குக்குத் திரும்பப் போக வேண்டும்.

சார்ட்டில் எல்லோருக்கும் மூச்சு 20 என்று எழுதியிருப்பதை எத்தனையோ வார்டுகளில் பார்க்கலாம். இது மனதை உறுத்துகிற விஷயம். ஏனென்றால் ஒருவர் மோசமாகப் போகிறார் என்பதைப் பல நேரம் முதலில் சொல்வது மூச்சு எண்ணிக்கைதான். பி.பி. கடைசியில்தான் விழும். விரலில் மாட்டும் கருவி 97 காட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு 28 ஆகியிருக்கும். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணுவது அவருக்குத் தெரியாமல், முழு ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். பிரிட்டனில் 2012-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்ட நியூஸ் (NEWS, பேஷண்ட் மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும்) மதிப்பெண் முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றாலே 3 மதிப்பெண், மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழ், நாடி 131 அல்லது அதற்கு மேல் என்றாலும் 3. மொத்தம் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் உடனடி. உங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் படிவம் இல்லாவிட்டாலும் இந்த எண்களை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யூரினுக்கு எளிய கணக்கு: கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30. பையில் ஒன்றும் இல்லையென்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் மேலேயே படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரைக் கூப்பிடத் தயங்காத புதியவர் யாரும் இல்லை. தயக்கம் பாதி போக வேண்டுமென்றால், ஃபோனை எடுக்கும் முன் கேஸ் ஷீட்டும் புதிதாகப் பார்த்த அளவுகளும் கையில் இருக்க வேண்டும். ‘சார், 12-ம் பெட் ஒரு மாதிரி இருக்கார்’ என்றால் ‘பார்த்துக்கோங்க’ என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘சார், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். 12-ம் பெட், 54 வயசு, நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர். பன்னிரண்டு மணிக்கு மூச்சு 20 இருந்தது, இப்ப 28. பல்ஸ் 118, பி.பி. 96/60, சாச்சுரேஷன் 93. யூரின் மூணு மணி நேரத்துல 50 மி.லி.தான். வயிறு இறுக்கமா இருக்கு. நீங்க இப்ப வந்து பார்க்கணும் சார்.’ கடைசி வாக்கியம் முக்கியம். தகவல் சொன்னோம் என்று நிறுத்தினால் அவர் தகவலாகவே எடுத்துக்கொள்வார். ஃபோனில் மருந்து சொன்னால் எழுதி, பெயரையும் டோஸையும் திரும்பப் படித்துக் காட்டி, ஆமாம் என்று வாங்குங்கள். வரவில்லையென்றால் அவருக்கு மேலே யார் என்று டியூட்டி தொடங்கும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னார் என்பது நோட்ஸில் ஏறட்டும்.

எழுதும்போது ‘பேஷண்ட் நன்றாக இருக்கிறார்’ என்பதில் ஒன்றும் இல்லை. பார்த்தது, அளந்தது, செய்தது, நேரம். கொடுக்கும் முன் டிக் அடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நடுவில் யாராவது கூப்பிட்டால் கொடுக்காத மருந்து கொடுத்ததாகிவிடும். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து.

ஊசியைத் திரும்ப மூடாதீர்கள். பயன்படுத்திய இடத்திலேயே நீடில் கட்டரோ வெள்ளை டப்பாவோ கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்தால் மாற்றச் சொல்லுங்கள். நிரம்பி வழியும் டப்பாவில் அமுக்கும்போதும் குத்தும். அதையும் மீறிக் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். வேலையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றும் நினைக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். பேஷண்ட்டின் ரிப்போர்ட் தெரியாவிட்டாலும் உடனே இன்சார்ஜிடம் சொல்லி, உங்கள் ரத்தத்தை அன்றே பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு திடீரென்று ஞாபகம் வரும்: 14-ம் பெட்டின் பொட்டாசியம் ரிப்போர்ட் வர வேண்டியிருந்ததை ஹேண்ட் ஓவரில் சொல்லவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வார்டு நம்பர் உங்கள் ஃபோனில் இருக்கட்டும். கூப்பிட்டு, உங்கள் பெயர், படுக்கை எண், பேஷண்ட் பெயர், என்ன விட்டுப்போனது என்று சொல்லுங்கள். எடுத்தவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டாரா என்றும் ஒருமுறை கேட்டுவிட்டு வையுங்கள்.